பைன் நாற்றின் வேரில் வெள்ளை நூல்: பூஞ்சைக்கொல்லி ஊற்றலாமா?

தளிர்ப்பாத்தி:
என்னிடம் ஆறு மாத வயதுடைய பைன் நாற்றுகள் 140 இருக்கின்றன. இரண்டு பாத்திகளில் வளர்கின்றன. விதை ஒரே மரத்தின் கூம்புகளிலிருந்து எடுத்தது. விதைத்த நாளும் ஒன்று, நீர் ஊற்றும் பூவாளியும் ஒன்று. மண் மட்டும்தான் வேறு.

முதல் பாத்திக்கு மணலும் மட்கும் கலந்து, நாற்றழுகல் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அந்தக் கலவையை ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு நிரப்பினேன். இரண்டாவது பாத்திக்குக் கலவை போதவில்லை. மறுபடியும் வேகவைக்கச் சோம்பல். முற்றிய பைன் மரம் ஒன்றின் அடியில் சருகை விலக்கிவிட்டு மண்ணை அள்ளி வந்து கலந்துவிட்டேன். இதில் ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லை.

இப்போது முதல் பாத்தியில் நாற்றுகள் விரல் நீளத்தோடு நின்றுவிட்டன. ஊசியிலைகள் வெளிறி, நுனிகள் ஊதா நிறம் ஏறிக் கிடக்கின்றன. இருமுறை உரக்கரைசல் ஊற்றியும் அசையவில்லை. விசித்திரம் என்னவென்றால், ஒரு மூலையில் மட்டும் ஆறேழு நாற்றுகள் தீவுபோலப் பச்சையாக நிற்கின்றன. இரண்டாவது பாத்தி முழுவதும் கரும்பச்சை, உயரம் இரு மடங்கு.

நேற்று இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் பாத்தி நாற்றின் வேர் நீளமாக, மெல்லியதாக, சுத்தமாக இருந்தது. இரண்டாவதின் வேரைப் பார்த்ததும்தான் திகைத்தேன். சிலந்தி வலைபோல் வெள்ளை நூல்கள் மண்ணோடு வேரைப் பின்னியிருந்தன. சல்லிவேர்களின் முனைகள் தடித்து, குட்டையாகி, கவண்கட்டை போல இரண்டிரண்டாகப் பிளந்திருந்தன. வேர்த்தூவியே இல்லை. பூஞ்சணம் பிடித்துவிட்டது, பரவுவதற்குள் மருந்து ஊற்று என்கிறார் என் மாமா. புட்டி ஜன்னல் விளிம்பில் தயாராக இருக்கிறது. எனக்குத்தான் கை வரவில்லை. நன்றாக இருக்கும் பாத்தியில் நோயும், நோஞ்சான் பாத்தியில் சுத்தமான வேரும் எப்படி இருக்க முடியும்?

கிளைநிழல்:
என் ரோஜாச் செடிகளுக்கும் இப்படித்தான் வெள்ளையாகத் தொடங்கியது. பத்து நாளில் வேர் அழுகிப் போயிற்று. யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

சருகடி:
அம்மா, புட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். கிளைநிழல் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரோஜாவில் அவர் பார்த்தது அழுகலாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அழுகல் இல்லை.

முதலில் ஒரு சோதனை. அழுகிய சல்லிவேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், உள்ளே நூல்போல நடுத்தண்டு மட்டும் மிஞ்சும். நிறம் பழுப்பாக, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். உங்கள் தடித்த முனைகளை நகத்தால் ஒடித்துப் பாருங்கள். விறைப்பாக, சட்டென்று ஒடியும். முகர்ந்தால் காளான் வாசம் வரும். அப்படியிருந்தால் அது வேர்ப்பூஞ்சை. மைக்கோரைசா என்று நூல்களில் காண்பீர்கள். நோயுற்றிருப்பது உங்கள் முதல் பாத்திதான். அதன் நோய் பட்டினி.

நாற்றங்காலில் 26 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். சேர்ந்த இரண்டாவது ஆண்டிலேயே இந்தப் பாடம் கிடைத்தது, கொஞ்சம் அவமானத்தோடு. களையும் அழுகலும் வரக் கூடாதென்று பாத்தி முழுவதையும் நச்சுப்புகை போட்டுச் சுத்தம் செய்தோம். களை ஒன்றுகூட முளைக்கவில்லை. பைன் நாற்றுகளும் முளைத்ததோடு நின்றுவிட்டன, உங்களுடையது போலவே ஊதா நுனியோடு. மேற்பார்வையாளர் உரத்தை இரட்டிப்பாக்கச் சொன்னார், பிறகு மும்மடங்கு. பலன் இல்லை. மூன்றாம் மாதம் பாத்தியின் குறுக்கே சாய்வாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. ஒரு முழ அகலம், நூல் பிடித்தது போன்ற நேர்க்கோடு. யாருக்கும் விளங்கவில்லை. அந்தப் பாத்தியின் மேல் பலகை போட்டுக் காட்டுச் சருகைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன கூலியாள் ஒருவர்தான் சொன்னார், வண்டியின் அடித்தகரம் ஓட்டை என்று. வண்டி சிந்திய வழியே நாற்று பச்சையாகியிருந்தது. அந்த ஆண்டு மண்டியிட்டு வேர் பார்க்கப் பழகினேன், இன்றுவரை விடவில்லை.

உங்கள் மூலையில் இருக்கும் தீவும் அதே கதைதான். பைனோடு சேரும் பூஞ்சைகள் பல மண்ணுக்கு மேலே காளானாகவோ உருண்டைப் பந்தாகவோ முளைத்து, வித்துகளைக் காற்றில் விடுகின்றன. ஒன்றிரண்டு அந்த மூலையில் விழுந்து பிடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து அது வேருக்கு வேர் நடந்து பரவும். புதிய நாற்றங்கால்களில் இப்படித் திட்டுத்திட்டாகப் பச்சை தெரிவது பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி.

இனி, அது என்ன செய்கிறது என்பது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் ஏறக்குறைய நகராமல் கிடப்பது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நீரோடு கரைந்து வேரைத் தேடி வரும். மணிச்சத்து வராது, வேர்தான் அதை நோக்கிப் போக வேண்டும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டு, வெற்று மண் நடுவே நிற்கும். பூஞ்சை இழை அந்த வெற்று வளையத்தைத் தாண்டிப் போகிறது. இழையின் தடிமன் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்குகளுக்குள் எல்லாம் புகுந்துவிடும். சில வகைகள் அமிலம் சுரந்து கனிமத்தையே அரித்தெடுக்கும். அதனால்தான் முனைகளில் வேர்த்தூவி இல்லை: தூவியின் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

பைன் முனையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை வேருக்கு மேலே கையுறைபோல ஓர் உறை போட்டிருக்கும். அங்கிருந்து வேரின் புறணிச் செல்களுக்கு இடையே மட்டும் புகுந்து பின்னும். செல்லுக்குள் நுழையாது. அந்தப் பின்னலுக்கு ஹார்ட்டிக் வலை என்று பெயர். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான். பூஞ்சை மணிச்சத்தும் தழைச்சத்தும் தரும், மரம் சர்க்கரை தரும். மரம் ஒளிச்சேர்க்கையில் சேர்க்கும் கார்பனில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட இப்படிப் போகலாம். மலிவான கூலி அல்ல.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நீங்கள் சோம்பலில் செய்தது ஓர் அறிவியல் சோதனை. மைக்கோரைசா என்ற சொல்லை 1885இல் உருவாக்கியவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானைப் பயிரிட முடியுமா என்று பார்க்கச் சொல்லி பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்தது. காளானைத் தேடிப் போனவர் மரவேர்களில் இந்த உறையைக் கண்டார். இது ஒட்டுண்ணி இல்லை, மரத்துக்கு ஊட்டும் துணை என்றார். பலர் ஏற்கவில்லை, உங்கள் மாமாவைப் போல. பிறகு அவர் பைன் நாற்றுகளை வேகவைத்த மண்ணிலும் வேகவைக்காத மண்ணிலும் வளர்த்துக் காட்டினார். வேகாத மண்ணின் நாற்றுகளே ஓங்கின.

செய்ய வேண்டியது இதுதான். முதல் பாத்திக்கு உரத்தை நிறுத்துங்கள். மணிச்சத்து மிகுந்தால் வேர் பூஞ்சையை அண்டவிடாது. இரண்டாவது பாத்தியிலிருந்து மண்ணைச் சல்லிவேர்த் துண்டுகளோடு எடுத்து, முதல் பாத்தியின் வரிசைகளுக்கு இடையில் விரல் ஆழத்துக்குக் கீறி இட்டு உடனே மூடுங்கள். வெயிலில் உலரவிட்டால் பாதி வீணாகும். மறுமுறை விதைக்கும்போது கலவையில் பத்தில் ஒரு பங்கு பைன் அடிமண் போதும், சருகுக்குக் கீழே உள்ள மேல் மண். பலனுக்கு இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.

தேக்குத்திண்ணை:
இவ்வளவு பாடு எதற்கு? வேர்ப்பூஞ்சைப் பொடி பொட்டலத்தில் கிடைக்கிறதே. என் தேக்குக் கன்றுகளுக்கு அதைத்தான் போட்டேன், நன்றாக வந்திருக்கின்றன. பைனுக்கும் தூவிவிட்டால் ஆயிற்று.

சருகடி:
தேக்குக்குச் சரி. பைனுக்குத் தூவினால் காசு மண்ணில் போகும்.

பொட்டலத்தில் எழுதியிருக்கும் பூஞ்சைப் பெயரைப் படியுங்கள். குளோமஸ் என்றோ ரைசோஃபேகஸ் என்றோ இருந்தால் அது வேர் உட்பூசணம். தேக்கு, வேம்பு, மகோகனி, புல்பூண்டு, தானியங்கள் எல்லாம் அந்த வகையோடுதான் கூட்டு. உலகத் தாவர இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்தப் பக்கம். இது வேருக்கு வெளியே உறை போடாது. செல்சுவரைத் துளைத்து உள்ளே போய்க் குட்டி மரம்போலக் கிளைத்து நிற்கும். வெறுங்கண்ணுக்கு வேரில் ஒரு மாற்றமும் தெரியாது. தேக்கு வேரைப் பிடுங்கிப் பார்த்து, பூஞ்சை இல்லையே என்று சொல்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

பைன், ஓக், பீச், பிர்ச், குங்கிலிய மரக் குடும்பம் ஆகியவை உறை போடும் வகையைச் சேர்ந்தவை. இனங்களின் எண்ணிக்கையில் அவை இரண்டு சதவீதம்தான், ஆனால் குளிர்நாட்டுக் காடுகளைப் பெரும்பாலும் நிரப்பி நிற்பவை அவையே. தைலமரமும் சவுக்கும் இரு வகையோடும் சேரும். சவுக்கு போதாதென்று காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாவையும் வேர்முடிச்சில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த மரத்தின் மேல் தனி மரியாதை உண்டு. கடுகு, முட்டைக்கோசுக் குடும்பமோ யாரோடும் சேராது, அதற்குப் பொடி தூவுவது எருமை மாட்டின் மேல் மழை பெய்ததற்குச் சமம்.

இந்த உட்பூசணத்தின் வயதைக் கேட்டால் வியப்பீர்கள். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் கற்படிவத்தில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளின் செல்லுக்குள் இதே குட்டி மரக் கிளைகள் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தச் செடிகளுக்கு வேரே கிடையாது. வேர் தோன்றும் முன்பே பூஞ்சை வந்துவிட்டது. இத்தனை காலம் கூட இருந்ததில் அது ஒரு திறமையையே தொலைத்துவிட்டது: தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை அதனால் தானாக உண்டாக்க முடியாது, செடியிடமிருந்துதான் வாங்க வேண்டும். 2017இல் தெளிவான செய்தி இது.

கிளைநிழல்:
சருகடி ஐயா, ரோஜா விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். மரங்கள் இந்தப் பூஞ்சை வழியாக ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய்மரம் தன் குட்டிகளுக்குப் பாலூட்டுவதுபோல் உணவு அனுப்புகிறது என்று காணொளிகளில் பார்க்கிறேன். அப்படியானால் தளிர்ப்பாத்தி இரண்டாவது பாத்தியின் நடுவே பெரிய மரத்தின் வேர் ஒன்றையும் விட்டிருக்கலாமோ?

சருகடி:
இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கேட்டவுடன் எனக்குச் சற்று எரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையின் வேர் 1997இல் வெளியான ஓர் ஆய்வு. கனடாவில் சுசான் சிமார்டும் சகாக்களும் பிர்ச் கன்றையும் டக்ளஸ் ஃபிர் கன்றையும் பையால் மூடி, ஒன்றுக்கு ஒரு வகைக் கார்பன் ஐசோடோப்பையும் (எங்கே போகிறது என்று தடம் பார்க்கக்கூடிய கார்பன்) மற்றதற்கு இன்னொன்றையும் கொடுத்தார்கள். பிர்ச்சின் கார்பன் ஃபிர்ரிலும் ஃபிர்ரின் கார்பன் பிர்ச்சிலும் தெரிந்தது. நிகரக் கணக்கில் ஃபிர் வாங்கியதே அதிகம், அதிலும் நிழலில் நின்றபோது கூடுதல். நல்ல சோதனை, துணிச்சலான சோதனை. ஆனால் பக்கத்திலேயே செடார் கன்றையும் நட்டிருந்தார்கள். செடார் வேர் உட்பூசண வகை, மற்ற இரண்டின் உறைப் பூஞ்சையோடு இணையாது. அந்தச் செடாரிலும் சிறிது கார்பன் போய்ச் சேர்ந்திருந்தது. அப்படியானால் ஒரு பகுதியாவது இழைப் பாலம் இல்லாமல் மண் வழியாகவே கசிந்து போயிருக்க வேண்டும். காணொளிகளில் செடார் வருவதே இல்லை.

2023இல் மூன்று ஆய்வாளர்கள் இத்துறையின் களச் சான்றுகளை எல்லாம் திரட்டிச் சலித்தார்கள். பூஞ்சை வலையின் வழியே முதிய மரம் தன் வாரிசை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் நடந்த ஆய்வு ஒன்றுகூடச் சான்றாக இல்லை என்று எழுதினார்கள். அந்த மூவரில் ஒருவரான மெலனி ஜோன்ஸ் 1997 கட்டுரையின் கூட்டாசிரியர்களில் ஒருவர். தன் பங்கிருந்த கதையையே மறுபடி தராசில் வைத்திருக்கிறார் பாருங்கள், அதற்கு ஒரு கும்பிடு.

வலையே இல்லை என்று சொல்லவில்லை. டக்ளஸ் ஃபிர் காட்டில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் பரப்பில் மரபணுவை வைத்துக் கணக்கெடுத்தபோது, ஒரே ஒரு மரம் 47 மரங்களோடு பூஞ்சைகளைப் பகிர்ந்திருந்தது. பூஞ்சை வழியே உணவு கடக்கும் என்பதற்கும் அசைக்க முடியாத சாட்சி உண்டு: மோனோட்ரோபா. பச்சையமே இல்லாத, மெழுகுபோல் வெளுத்த செடி. இலை பெயருக்குத்தான். 1960இல் பக்கத்து மரத்தில் கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றினார்கள், அது இந்தச் செடியில் வந்து நின்றது. மரமும் செடியும் ஒரே பூஞ்சையோடு இணைந்தவை. பூஞ்சையை ஏமாற்றி மரத்தின் சர்க்கரையைக் குடித்து வாழ்கிறது அது. என்னைக் கேட்டால், தாய்ப்பாசக் கதையைவிட இந்தத் திருட்டுக் கதைக்கு ஆதாரம் வலுவானது. மரம் கொடுக்கிறதா, பூஞ்சை தன் தேவைக்கு நகர்த்துகிறதா, இடையில் எவனோ உறிஞ்சுகிறானா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இத்துறையின் சுவையே இருக்கிறது. பாலூட்டல் என்று பெயர் வைத்ததும் அந்தக் கேள்வி செத்துவிடுகிறது.

உங்கள் யோசனைக்கு விடை: பெரிய மரத்தின் அருகே வளரும் நாற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் கிடைக்கும், அது உண்மை. அதே மரம் நீரையும் வெளிச்சத்தையும் பறிக்கும், அதுவும் உண்மை. வெட்டிப் பாத்திக்குள் விட்ட வேருக்கு ஊட்ட இலை இல்லை. மண்ணை மட்டும் கொண்டுவந்தது நல்லதாயிற்று.

தேக்குத்திண்ணை:
அப்படியானால் எங்கிருந்து வேண்டுமானாலும் காட்டு மண்ணை அள்ளி வந்துவிடலாமா?

சருகடி:
கூடாது. மண்ணோடு வேரழுகல் கிருமியும் வரும், நூற்புழுவும் வரும். நாற்றின் வேர்மண்ணில் உட்கார்ந்து கண்டம் தாண்டியவற்றில் மரணத்தொப்பி என்னும் நச்சுக் காளானும் ஒன்று. அதுவும் வேர்ப்பூஞ்சைதான், மரத்துக்கு நல்லது, மனிதனின் ஈரலுக்கு எமன். ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அது இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. நடப்போகும் இடத்துக்கு அருகிலேயே, ஆரோக்கியமான அதே இன மரத்தடியில் எடுங்கள். பாத்தியில் காளான் முளைத்தால் மகிழுங்கள், சமைக்காதீர்கள்.

தளிர்ப்பாத்தி:
ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். ஒடித்துப் பார்த்தேன், சட்டென்று ஒடிந்தது, காளான் வாசமும் வந்தது. அன்றே புட்டியை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டேன். மாமா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

ஐயா சொன்னபடி முதல் பாத்தியில் ஆறு வரிசைகளுக்கு நடுவே கீறி மண் இட்டேன். வேண்டுமென்றே இரண்டு வரிசைகளை விட்டுவைத்தேன், மாமாவுக்குக் காட்டத்தான். ஐந்தாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, உண்மையில் நம்பிக்கை போய்விட்டது. ஏழாவது வாரத்தில் கீறல் ஓரத்து நாற்றுகளில் புதிதாக வந்த ஊசியிலைகள் பச்சையாக இருந்தன. பழைய ஊதா அப்படியே இருக்கிறது, புதியவைதான் மாறியிருக்கின்றன. விட்டுவைத்த வரிசைகளில் மாற்றம் இல்லை. நாற்றுகளில் 11 கருகிப் போயின. மாமா நேற்றுத் தானே குனிந்து ஒரு வேரை மண்ணோடு தூக்கி, பூதக்கண்ணாடி கேட்டார்.

ஒரு சந்தேகம் மிச்சம். இரண்டாவது பாத்தியில் ஒரே நாற்றின் வேரில் வெள்ளை முனைகளுக்கு நடுவே சில முனைகள் கரித்துண்டுபோல் கன்னங்கரேல் என்று இருக்கின்றன, அவற்றின் மேல் குத்திட்ட மயிர் போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. இறந்த முனைகளா?

சருகடி:
உயிரோடுதான் இருக்கும். ஒடித்துப் பாருங்கள், உள்ளே வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் அநேகமாக அது செனோகாக்கம் என்னும் வேறொரு பூஞ்சை. கரிய உறையும் குத்திட்ட மயிரும் அதன் அடையாளம். வறட்சியைத் தாங்கும் என்று பெயர் பெற்றது. ஒரு நாற்றின் வேரில் ஒரே நேரத்தில் பல பூஞ்சைகள் குடியிருப்பது வழக்கம்தான். பெரிய மரத்தில் டஜன் கணக்கில் இருக்கும்.

விட்டுவைத்த இரண்டு வரிசைகளுக்கும் இனி மண் இட்டுவிடுங்கள், பாவம். தோட்டத்தில் நடும்போது வேரை அலசாமல் மண்கட்டியோடு இறக்குங்கள். மாமாவிடம் பூதக்கண்ணாடி இருக்கும்வரை அந்தக் கரிய முனையைக் காட்டிவிடுங்கள்.